கும்பிடுல கந்தகம் கெடையாது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இரண்டு போன் வந்தன. முதலாவது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, காதர் மைதீன் அண்ணனின் மகன். "அத்தை, அத்தா மவுத்தாயிட்டாக. பஜர் தொழுதுட்டுச் செத்த நேரம் படுக்கேன்னாக. அப்படியே போயிட்டாக" என்றான். இரண்டாவது போன், நான் சேலையை மாற்றிக்கொண்டு கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. பெங்களூருப் பரிசோதனைக் கூடத்து இன்ஜினியர். "மேடம், பெட்டியப் பிரிச்சுப் பாத்தாச்சு. ஒரு விரிசல் கூட இல்ல. ஆர்டர் உங்களுக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்ப்பா, இத நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்திவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை, போனை வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார். அது அவர் காதில் விழாமலே போய்விட்டதே என்று, வண்டி ஓட்டத் தெரியாதவள் போல ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கும் உங்களில் அண்ணனை அறிந்தவர்கள் நிறையப் பேர். பெங்களூரில் உலோக ஆராய்ச்சிக்கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு அவரோடு பஸ்ஸில் வந்தவர்கள், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட தகடு வியாபாரிகள். அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு வராது. எழுதினால் அவரே எழுந்து வந்து, "போதும் தங்கச்சி, விசயத்துக்கு வா" என்பார். விஷயத்துக்கே வருகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் பட்டறை மாமனார் காலத்தில் நூல் மில்லுகளுக்கு உதிரிபாகம் செய்துகொண்டிருந்தது. அவருக்குப் பிறகு என் தலையில் விழுந்தது. மில்லுகளில் வேலை குறைந்தபோது, பெங்களூர்க் கம்பெனி ஒன்று தயாரிக்கும் சின்ன கேஸ் டர்பைனுக்கு வெப்பப் பெட்டி செய்ய ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, அண்ணனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு துணிந்து இறங்கினேன். சின்ன கேஸ் டர்பைன் என்றால் பீரோ அளவுக்குள் அடங்கிவிடும் மின்சார இயந்திரம். எரிந்து வெளியேறும் புகையில் ஏகப்பட்ட சூடு வீணாகப் போகும். அந்தச் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பெட்டியின் வேலை. உள்ளே காகிதம் மாதிரி மெல்லிய தகட்டை விசிறி மடிப்பாக மடித்து அடுக்கியிருப்போம். ஒரு மடிப்பில் புகை போகும், அடுத்த மடிப்பில் காற்று போகும். நடுவில் அந்தத் தகடு மட்டும்தான். அது சிவக்கக் காய்ந்தபடியே வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். ஊசி முனை அளவு விரிசல் விழுந்தாலும் பெட்டி குப்பைக்குத்தான்.

முதல் பெட்டியைக் கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே, அவர்கள் சொன்ன எவர்சில்வர் ரகத்தில்தான் செய்தோம். செய்யும்போதே அண்ணன் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "இது தாங்காது தங்கச்சி. சூடு ஒண்ணும் பண்ணாது. சூட்டோட வார ஈரம் இருக்குல்ல, அதுதான் தின்னுரும்." கேஸ் எரியும்போது நீராவியும் பிறக்கும். எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதன் மேல் படியும் ஒரு மெல்லிய குரோமியத் தோல். அந்தச் சூட்டில் நீராவி பட்டால் அந்தத் தோல் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகிவிடும், தகடு அம்மணமாகிவிடும் என்றார். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. உலர்ந்த காற்றில் சோதித்துத் தேறிய ரகம் அது என்று எழுதிவிட்டார்கள்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் அத்தையின், அதாவது என் மாமியாரின், பிரஷர் குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டறை அடுப்பில் ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளைத் தனித்தனி அறையில் வைத்தார். ஒன்றுக்கு வெறும் காற்று. இன்னொன்றுக்குக் குக்கரின் மூக்கிலிருந்து குழாய் போட்டு நீராவி. வாரக்கணக்கில் குக்கர் பட்டறையில் வெந்துகொண்டிருந்தது, வீட்டில் பருப்பு வேகவில்லை. அத்தை பட்டறை வாசலில் வந்து நின்று, "ஏமய்யா காதரு, குக்கரத் தாரியா, இல்ல உன் வீட்டுல வந்து நான் சாப்பிடவா?" என்று கேட்பார். "வாங்கம்மா, பிரியாணியே போடச் சொல்லுதேன். குக்கர் மட்டும் கேக்காதீய" என்பார் அண்ணன். கடைசியில் இரண்டு துண்டையும் வெளியே எடுத்தபோது, காற்றில் இருந்தது லேசாகக் கறுத்திருந்தது. நீராவியில் இருந்தது துருப்பிடித்த தகரம் போல பொருபொருவென்று உதிர்ந்தது. முதல் பெட்டியும் அதே கதிக்குத்தான் ஆளானது. அதற்குப் பிறகே நிக்கல் அதிகம் கலந்த தகட்டுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. குக்கர் வீடு திரும்பியது, ஆனால் அத்தை அதில் சமைக்கவில்லை.

நிக்கல் தகடு வந்தபின் அண்ணனின் தொல்லை தாங்க முடியவில்லை. கழுத்தில் ஷூ கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். தகட்டைத் தொடுமுன் முழங்கை வரை கழுவுவார், வெள்ளைக் கையுறை போடுவார், எங்களையும் போடச் சொல்வார். "பாய் சார் தொழப் போற மாதிரி ஒளு செஞ்சுட்டுத்தான் தகட்டத் தொடுதாரு" என்று வெல்டர் மாரியப்பன் கிண்டல் பண்ணுவான். "ஆமாலே, வேர்வையில உப்பு இருக்கு. அது உனக்கு ருசி, தகட்டுக்கு விசம்" என்பார். தளவாய்புரத்திலிருந்து வரும் மாரியப்பனைப் போல மெல்லிய தகட்டை வெல்டிங் பண்ண இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவனை அதட்டுகிற உரிமையும் அண்ணன் ஒருவருக்குத்தான் இருந்தது.

போன வருஷம் ஆயுத பூஜைக்குச் சரியாக இரண்டாவது பெட்டி முடிந்து தயாராக நின்றது. அண்ணன் பூஜை நேரத்தில் வாசல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். முடிந்ததும் முதல் ஆளாகச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, "உப்புக் கொறவு" என்று ஒரு நொட்டை சொல்வார். அத்தையும் விடாமல், "உன் நாக்குதான் தடிச்சுப்போச்சு" என்பார். அது வருஷா வருஷம் நடக்கும் சடங்கு. அந்த வருஷமும் நடந்தது. மறுநாள் பெட்டி பெங்களூருக்குப் போனது.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. கசிவு. கூடவே ஒரு மெயில்: வெல்டிங் கோளாறு, வெல்டரை மாற்றுங்கள், மூன்றாவது பெட்டியும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். கம்பெனியை நம்பித்தான் பட்டறை என்று ஆகிவிட்ட நேரம். மாரியப்பன் மெயிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். முகக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "என் கையில குத்தம்னா நான் இங்க நிக்கது நல்லாருக்காதுக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அண்ணன் திரும்பி வந்த பெட்டியைத் தன் மேஜைக்குத் தூக்கிப்போய், கண்ணாடியை வைத்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். மறுநாள் வரவில்லை. கேட்டால் வயிற்றுவலி. அடுத்த நாளும் வயிற்றுவலி. எனக்கு எரிச்சலான எரிச்சல். பட்டறை மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவருக்கு இப்போதுதானா வயிறு வலிக்க வேண்டும்? நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியை விட்டேன். வீட்டில் அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, வலி எங்க?"

"வலி வயித்துல இல்ல தங்கச்சி, நாக்குல. மாரியப்பன் மேல ஒரு குத்தமும் இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா காரணத்த நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்."

அப்புறம்தான் சொன்னார். பெட்டியின் முன்பக்கம், மடிப்புகளின் விளிம்பு தெரியும் முகத்தில், நான்கு மூலையிலும் நடுவிலும் வட்ட வட்டமாகக் கறை. விரிசல் எல்லாம் அந்த வட்டங்களில்தான் தொடங்கியிருக்கிறது. நான்கு மூலை, நடுவில் ஒன்று. அது அத்தை பொட்டு வைக்கும் கணக்கு. லேத்துக்கும் கம்ப்ரஸருக்கும் அப்படித்தான் வைப்பார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். பெட்டியைத் துடைத்துத்தான் அனுப்பினோம். ஆனால் கடைக் குங்குமத்தில் சாயத்தோடு ஈயமும் கந்தகமும் எது வேண்டுமானாலும் இருக்கும். இடுக்கில் கொஞ்சம் தங்கினால் போதும், காய்ந்த நிக்கல் தகட்டுக்குள் புகுந்து அறுத்துவிடும் என்றார்.

"நான் ஒரு சாயபு. உங்க பூசைக் குங்குமத்துலதான் கோளாறுன்னு பட்டறை நடுவுல நின்னு சொன்னா, ஊரு எப்படிப் பேசும்? நீ சொல்லேன்."

"நானா? அத்தைட்டயா? எனக்கு இன்னும் வாழ ஆசை இருக்குண்ணே" என்றேன். சிரிக்க வேண்டிய பேச்சுதான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. காலம் எப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றும் முடிவாகாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் ராஜபாளையத்தில் இறங்கவில்லை. நேரே தளவாய்புரம் போய், மாரியப்பனைக் கையோடு கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். எல்லாரையும் கூப்பிட்டார். அத்தை டீ கொண்டு வந்திருந்தார், அவரையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"என்ன, மறுபடியும் குக்கர் வேணுமா?"

"இல்லம்மா. பெட்டி கெட்டது மாரியப்பன் கையால இல்ல. பூசையன்னிக்கு நீங்க பொட்டு வச்ச எடத்துலதான் வெடிச்சிருக்கு. குங்குமத்துல இருக்க மருந்து அந்தத் தகட்டுக்கு ஆகாது. ஒருத்தன் பொழப்பு போகுதேன்னுதான் சொல்லுதேன். தப்பா எடுத்துக்கிடாதீய."

பட்டறையில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவுனா?" என்றார், வீட்டுத் தெலுங்கில் 'அப்படியா' என்று. "இம்புட்டுத்தானா? இதச் சொல்லவா ரெண்டு மூணு நாளா வயித்துவலின்னு வீட்டுல ஒளிஞ்சு கெடந்த?"

"பூசைய நான் குத்தஞ் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு..."

"ஏமய்யா, என் சுண்டல குத்தஞ் சொல்லும்போது உனக்கு இந்தப் பயம் வரலையே! ஒத்துக்கலேன்னா ஒத்துக்கலேன்னு சொல்ல வேண்டியதுதான. என் மூத்த மருமகளுக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்காம நெத்தி புண்ணாப்போச்சு. அதுக்காக அவள வீட்ட விட்டா தொரத்திட்டோம்? பொட்டத்தான் எடுத்தோம்."

மூத்த மருமகள் நான்தான். எல்லாரும் என் நெற்றியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாரியப்பன். அப்புறம் பட்டறையே சிரித்தது. அண்ணன் சிரித்துச் சிரித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் அப்பாடா என்றிருக்கிறது.

அத்தைக்கு ஒரு கவலைதான் பாக்கி. "அப்ப அந்தப் பெட்டிக்கு என்னதான் வைக்கிறது? எல்லாத்துக்கும் வச்சுட்டு அத மட்டும் மொட்டையா விட்டா மனசு கேக்காதே. பூ?"

"பூவுலயும் ஈரம் இருக்கும்மா. ஒரு கும்பிடு போடுங்க. கும்பிடுல கந்தகம் கெடையாது" என்றார் அண்ணன்.

கம்பெனிக்கு என்ன எழுதுவது என்று அடுத்த சிக்கல். 'மேற்பரப்பில் அழுக்கு' என்று மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "காரணத்த மறைச்சா நாளைக்கு இன்னொருத்தன் பொட்டு வைப்பான்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அன்று சாயங்காலமே அந்த இன்ஜினியர் போனில் வந்தார். மெதுவாக, "சார், பெட்டிய இங்க டெஸ்ட்டுக்கு ஏத்துனப்ப நாங்களும் எலுமிச்சம்பழம் வச்சு, நடுவுல ஒரு பொட்டு வச்சோம்" என்றார். அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நம்மூரு மட்டும் இல்ல!" மாரியப்பன் மேல் குற்றமில்லை என்று மறுநாளே எழுத்தில் வந்தது. அவன் கவசத்தை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது பெட்டி கோடைக்கு முன்னால் கிளம்பியது. பெட்டியை வைத்துக் கட்டிய மரச் சட்டத்துக்கு மட்டும் பொட்டு வைத்தார் அத்தை. பெட்டியைச் சுற்றி நாங்கள் எல்லாரும் வெள்ளைக் கையுறையோடு நின்று கும்பிட்டோம். அண்ணனும் கையுறையோடு எங்கள் வரிசையில் நின்று, இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்தார். லாரி டிரைவர் எங்களைப் பார்த்து, ஏதோ ஆஸ்பத்திரிச் சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மிக மெதுவாக ஓட்டிப்போனார். அதற்குப் பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, பட்டறைக்கு வருவது குறைந்து, நின்றே போனது. போனில் மட்டும் கேட்பார். "ஓடுதா?" "ஓடுதுண்ணே." "பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." இதே மூன்று வாக்கியம்தான், அவர் போவதற்கு முந்தின வாரம் வரை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசல் நிறையக் கூட்டம். நான் உள்ளே போய் அண்ணன் மனைவி ரஹ்மத் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை. "மதினி, பெட்டி தேறிருச்சு. இன்னைக்குக் காலையிலதான் சொன்னாங்க. அவுகளுக்குத் தெரியாமலே போயிருச்சே" என்று அழுதேன்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு சொன்னா தெரியாதுன்னு? நேத்துப் பொழுதடையவே தெரியும். அந்த இன்ஜினியர இவுகதான் தெனமும் போன் போட்டு அரிச்சுக்கிட்டு இருந்தாகளே. பிரிச்ச உடனே இவுகளுக்குத்தான் சொன்னாக. 'மூலையப் பாத்தீகளா, நடுவுல பாத்தீகளா'ன்னு கேட்டுக் கேட்டு, ஒண்ணும் இல்லைன்னதும் பொறவு அப்படி ஒரு சிரிப்பு. எம்புட்டு நாளாச்சு அவுக சிரிச்சு! பால்கோவா கொண்டான்னாக. டாக்டர் திட்டுவாகன்னேன். 'இன்னைக்கு ஒரு நாளு, நீ பாக்காத'ன்னுட்டு ஒரு கரண்டி தின்னாக."

"எனக்கு ஏன் மதினி சொல்லல?"

"நானும் கேட்டேன். 'கம்பெனிக்காரன் காலையில முறையாச் சொல்லுவான். தங்கச்சி அவன் வாயால கேட்டுத் துள்ளட்டும், நான் முந்திக்கிட்டா நல்லாருக்காது'ன்னாக."

துக்க வீட்டில் அப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தது. அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. மதினியும் நானும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பின் அடக்கினார்கள். மாரியப்பன் ஜனாஸாவைத் தூக்கத் தோள் கொடுத்துவிட்டு வந்து என் வண்டியின் அருகில் நின்றான். பரிசோதனைக் கூடத்து இன்ஜினியரை அன்று மாலை கூப்பிட்டு, காலையில் கத்தியதற்கு வருத்தம் சொன்னேன். "நேத்தே சாருக்குச் சொல்லிட்டேன்னு சொல்லத்தான் மேடம் வந்தேன்" என்றார்.

அண்ணனின் பூதக்கண்ணாடியை மதினி எனக்குக் கொடுத்தார். மேஜையில் இருக்கிறது. ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அது இல்லை. சொல்ல வேண்டியதை, நாக்கு எவ்வளவு வலித்தாலும், சம்பந்தப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர்கள் நாம் பயந்த அளவுக்கு மோசமானவர்களாக இருக்கமாட்டார்கள். இந்த ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. அத்தை எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்து முடித்து, ஆர்டரின் முதல் பெட்டிக்கு முன்னால் வந்ததும் குங்குமத் தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு கும்பிட்டார். வாசலில் அந்த ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சுண்டல் கொடுத்தார்கள். வாயில் போட்டதுமே தெரிந்தது, உப்பே இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தோம். அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். மாரியப்பன்தான் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, தப்பா எடுத்துக்கிடாதீய. சுண்டல்ல உப்புக் கொறவு."

"அப்பாடா!" என்றார் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க, ஒருத்தரும் சொல்லாமலே தின்னு முடிச்சிருவீகளோன்னு பயந்துட்டேன்."